பற்மானின் முடிவும் யாழ்ப்பாணத்துப் பார்வையாளரும்

திரைப்படங்களைப் பற்றி நான் அதிகம் எழுதியவன் அல்லன். பத்திரிகையில் என் வேலை செய்திப் பக்கங்களோடுதான். சினிமாப் பக்கத்தை வேறு நண்பர்கள் பார்த்துக்கொண்டார்கள். ஆனாலும் அண்மையில் எங்கள் அலுவலகத்து இளம் நிருபர்கள் இருவர், கிறிஸ்தோபர் நோலனின் பற்மான் வரிசையில் மூன்றாவதும் இறுதியுமான படம் நல்லதா கெட்டதா என்று ஒரு மதியம் முழுவதும் வாதிட்டுக்கொண்டிருந்ததைக் கேட்டபோது, அந்தப் படம் பற்றி நெடுநாளாக மனதில் கிடக்கும் சில விடயங்களை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. படம் வெளிவந்து பத்தாண்டுகளுக்கு மேலாகியும் அதன் முடிவு பற்றிய சண்டை ஓயவில்லை என்பதே வியப்பானதுதான்.

மூன்றாவது படம் என்பது எப்போதும் சங்கடமான ஒன்று. முதற்படத்தைப் பார்க்க வருபவன் விருந்தாளி. இரண்டாவது படத்துக்கு வருபவன் உறவினன். மூன்றாவது படத்துக்கு வருபவனோ நீதிபதி. எல்லாக் கணக்கையும் அன்றே தீர்த்துத் தரும்படி கேட்பான். 1983இல் வந்த மூன்றாவது சுப்பர்மான் படமும், 2006இல் வந்த மூன்றாவது எக்ஸ்மென் படமும், 2007இல் வந்த மூன்றாவது ஸ்பைடர்மான் படமும் இந்த நீதிபதியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவைதாம்.

நோலனின் முதற்படம் 2005இல் வந்தது. 2008இல் வந்த இரண்டாவது படத்தில் ஜோக்கராக நடித்த ஹீத் லெஜர், படம் வெளிவருவதற்கு முன்னரே அவ்வாண்டு ஜனவரியில் இறந்துபோனார். மறைவுக்குப் பின் அவருக்கு ஒஸ்கார் விருது கிடைத்தது. அப்படி ஒரு படத்துக்குப் பின் வரும் படம் எதுவாக இருந்தாலும் அதற்குச் சனி பிடித்திருக்கும். 'த டார்க் நைட் றைசஸ்' 2012 ஜூலை 20ஆம் திகதி அமெரிக்காவில் வெளியானது. ஏறத்தாழ இரண்டே முக்கால் மணித்தியாலப் படம். உலகெங்கும் நூறு கோடி டொலருக்கு மேல் வசூலித்தது. பணத்துக்குக் குறைவில்லை, முறைப்பாட்டுக்கும் குறைவில்லை.

அந்த முறைப்பாடுகள் படம் வருவதற்கு முன்னரே தொடங்கிவிட்டன. 2011 டிசெம்பரில் படத்தின் முதற்சில நிமிடங்களை மட்டும் பெரிய திரையரங்குகளில் காட்டியபோது, முகக்கவசத்துக்குள்ளிருந்து பேசும் வில்லனின் குரல் ஒன்றும் விளங்கவில்லை என்று பார்த்தவர்கள் குறைப்பட்டார்கள். படம் வருவதற்குச் சில நாட்கள் முன்னர், பாராட்டாத விமர்சனம் எழுதியவர்களுக்கு இரசிகர்கள் கொலை மிரட்டல் விடுக்குமளவுக்குப் போனார்கள். 'றொட்டன் ரொமாட்டோஸ்' என்ற விமர்சனத் தளம் அந்தப் படத்துக்கான வாசகர் கருத்துகளை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. படத்தைத் தாம் பார்க்கவே முன்னர், பார்த்தவனை மிரட்டிய இரசிகர்கள் அவர்கள். கருத்துச் சொன்னதற்காக அச்சுறுத்தப்படுவது என்னவென்று எங்கள் தொழிலில் உள்ளவர்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. ஆனால் ஒரு முகமூடி வீரனுக்காகவும் அது நடக்கும் என்பதை நான் அப்போதுதான் அறிந்தேன்.

வெளியான அதே நள்ளிரவில், கொலராடோ மாநிலத்தின் ஒறோறா நகரத் திரையரங்கொன்றில் துப்பாக்கிதாரி ஒருவன் புகுந்து பன்னிரண்டு பேரைக் கொன்றான். எழுபது பேர் காயமடைந்தனர். பற்மானாக நடித்த கிறிஸ்ரியன் பேல் சில நாட்களின் பின் அங்கு சென்று காயப்பட்டவர்களைப் பார்த்தார். பின்னர் அந்தப் படத்தைப் பற்றி அமெரிக்காவில் எவர் பேசினாலும் அந்த இரவின் நிழல் அதில் விழுந்தது.

இனி, படத்தின் மீது வைக்கப்பட்ட குற்றச்சாட்டுகளுக்கு வருகிறேன். கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கொதம் என்ற பெருநகரத்தை ஒரு கூட்டம் கைப்பற்றுகிறது. பாலங்கள் தகர்க்கப்படுகின்றன, ஒரேயொரு பாலம் மட்டும் மிஞ்சுகிறது. எவராவது வெளியேற முயன்றால் அணுகுண்டு வெடிக்கும் என்று அறிவிக்கப்படுகிறது. ஐந்து மாதங்கள் நகரம் உள்ளே அடைபட்டுக் கிடக்கிறது. ஆயிரக்கணக்கான பொலிஸார் நிலத்தடியில் சிறைப்படுகிறார்கள். முதுகெலும்பு முறிக்கப்பட்டு எங்கோ ஒரு பாதாளச் சிறையில் போடப்பட்ட பற்மான் ஏறி வெளியே வந்து, நகரத்துக்குத் திரும்பி, குண்டைத் தன் விமானத்தில் கட்டித் தூக்கிக்கொண்டு கடலுக்கு மேலே பறந்துபோகிறான். குண்டு வெடிக்கிறது. அவனுக்குக் கல்லறை வைக்கிறார்கள். இறுதியில், அவனை வளர்த்த முதியவர் ஆல்பிரட், இத்தாலியின் புளோரன்ஸ் நகரத்துத் தேநீர்க் கடையொன்றில், எதிர் மேசையில் அவன் உயிரோடு இருப்பதைக் காண்கிறார். ஒரு தலையசைப்பு. அவ்வளவுதான். எழுந்து போய்விடுகிறார்.

மேலைநாட்டுப் பார்வையாளர் கேட்டவை இவை: ஒரு மாநகரத்தை ஐந்து மாதம் முற்றாகத் துண்டித்து வைக்க முடியுமா? உலகம் பார்த்துக்கொண்டு இருக்குமா? நிலத்துக்கடியில் மாதக்கணக்கில் கிடந்த பொலிஸார் சவரம் செய்த முகத்தோடு வெளியே வந்தது எப்படி? எல்லா வழியும் அடைக்கப்பட்ட நகரத்துக்குள், கையில் காசில்லாத பற்மான் எப்படித் திரும்பி வந்தான்? இறுதியாக, புளோரன்ஸ் காட்சி உண்மையா, கிழவரின் கனவா? இன்னொரு சாரார் அரசியல் பேசினார்கள். வோல் ஸ்ட்ரீட் ஆக்கிரமிப்புப் போராட்டம் நடந்த அடுத்த ஆண்டு என்பதால், படம் ஏழைகளின் எழுச்சியை இழிவுபடுத்துகிறதா என்று பத்தி பத்தியாக எழுதினார்கள். பிரெஞ்சுப் புரட்சியைச் சொல்லும் சார்ள்ஸ் டிக்கன்ஸின் 'இரு நகரங்களின் கதை' நாவல் இந்தப் படத்துக்குத் தூண்டுகோல் என்பதும், கல்லறைக் காட்சியில் அந்நாவலிலிருந்தே ஒரு பகுதி வாசிக்கப்படுகிறது என்பதும் அந்த வாதத்துக்கு எண்ணெய் ஊற்றின.

யாழ்ப்பாணத்துக்கு அந்தப் படம் இறுவட்டில் வந்தது. எனக்கு மூத்தவர்கள் றீகல் திரையரங்கில் ஆங்கிலப் படம் பார்த்த கதைகளைப் பெருமையோடு சொல்வார்கள். போருக்குப் பிந்திய அந்த ஆண்டுகளில் எங்கள் திரையரங்குகளில் பெரும்பாலும் ஓடியவை தமிழ்ப் படங்கள்தாம். ஹொலிவூட் படங்களை எங்கள் பிள்ளைகள் இறுவட்டுக் கடைகளிலிருந்து வாங்கிவந்து வீட்டில் பார்த்தார்கள். 2012ஆம் ஆண்டின் கடைசிப் பகுதியில் ஒரு சனிக்கிழமை பின்னேரம், அக்கா வீட்டில், அப்போது உயர்தர வகுப்பில் படித்துக்கொண்டிருந்த என் மருமகனும் அவனுடைய நண்பர்களும் அந்தப் படத்தைப் போட்டார்கள். அக்காவும், அயலில் வசித்த ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவரும், பக்கத்து வளவு அம்மா ஒருவரும் கூட இருந்தார்கள். எங்கள் ஊரில் ஒரு வீட்டில் படம் போட்டால் அது அந்த வீட்டுப் படம் அல்ல. மின்சாரம் இல்லாத தொண்ணூறுகளில், ஜெனரேற்றர் வைத்து ஒழுங்கை முழுவதும் கூடிப் படம் பார்த்த பழக்கம் அது.

எங்கள் தலைமுறைக்கும் முகமூடி வீரர்கள் அந்நியர் அல்லர். 1972இல் முத்து காமிக்ஸ் வெளியிட்ட முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'தான். அந்தச் சின்னப் புத்தகங்கள் கடல் கடந்து வந்து எங்கள் பள்ளிக்கூடத்து மேசைகளுக்கடியில் கைமாறின. மின்சாரம் உடலிற் பாய்ந்தால் மாயாவி மறைந்துவிடுவான், இரும்புக்கை மட்டும் தெரியும். 1990இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றபோது, இனி மாயாவி எங்கள் ஊருக்கு வந்தால் மறைய முடியாது என்று பல்கலைக்கழகத்தில் நாங்கள் பகிடி விட்டிருக்கிறோம். மின்சாரம் இல்லாமலே மனிதர்கள் மறையக்கூடும் என்பதைப் பின்னர் கண்டோம்.

படம் தொடங்கியது. வில்லனின் பெயர் 'பேன்' என்று தெரிந்ததும் பெண்கள் பக்கம் ஒரே சிரிப்பு. தலையில் ஊர்வதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று மருமகன் விளக்கம் சொல்லவேண்டி வந்தது. உலகமே குறைப்பட்ட அந்தக் குரல் எங்களுக்கு ஒரு குறையாகவே படவில்லை. முகக்கவசம் போடாதவர்கள் பேசியதும் எங்களிற் பலருக்கு விளங்கவில்லை. கீழே ஓடிய ஆங்கில எழுத்துகளை மருமகன் வாசித்து வாசித்துத் தமிழிற் சொல்லிக்கொண்டிருந்தான்.

பாலங்கள் தகர்க்கப்படும் இடம் வந்தபோது வீடு அமைதியாயிற்று. வெளியுலகத்துப் பார்வையாளர் நம்ப மறுத்த அந்த ஐந்து மாதத்தை எங்கள் வீட்டில் எவரும் கேள்வி கேட்கவில்லை. ஏன் கேட்பார்கள்? 1990க்குப் பின் ஆனையிறவு மூடப்பட்டு, குடாநாடு ஐந்தாண்டுகள் பொருளாதாரத் தடைக்குள் கிடந்தது. மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக எரிக்கும் போத்தல் விளக்கில் படித்துப் பல்கலைக்கழகம் போனவர்கள் நாங்கள். பெற்றோல் சில துளி விட்டுக் கிளப்பி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிய காலம் அது. பின்னர் 2006 ஓகஸ்ட் 11ஆம் திகதி முகமாலையில் ஏ9 வீதி மீண்டும் மூடப்பட்டது. ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் உள்ளே அகப்பட்டோம். ஊரடங்கு, சங்கக்கடை வரிசை, கப்பலில் திருகோணமலைக்குப் போக அனுமதிக்குக் காத்திருப்பு என்று 2009 வரை அது நீண்டது. ஐந்து மாதம் எங்களுக்கு ஒரு கணக்கே அல்ல.

எங்கள் வீட்டார் கேட்ட கேள்வி வேறு. அக்கா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அஞ்சு மாசம் எண்டு சொல்லுறாங்கள். ஒரு கியூவைக் கூடக் காணேல்லை. அங்கை ஒருத்தரும் சமைக்கிறேல்லையோ?"

மிஞ்சிய ஒரு பாலத்தால் சாப்பாடு வருகிறது என்று மருமகன் சொன்னான். "வந்தால் ஆர் பங்கிடுறது? எங்கை குடுக்கிறாங்கள்? கூப்பன் மட்டை இருக்கோ?" என்று அவர் விடவில்லை. நான் பல விமர்சனங்களைப் பிற்பாடு வாசித்தேன். பெரிய பத்திரிகைகளில் பெரிய பெயர்கள் எழுதியவை அவை. அக்கா கேட்டதைவிட நேரான ஒரு கேள்வியை அவற்றிற் காணவில்லை. ஒரு கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் நகரம் என்று சொல்லப்படுகிறது. முற்றுகை தொடங்கியபின் அந்த மக்கள் எங்கே? வீரன் இருக்கிறான், வில்லன் இருக்கிறான், பொலிஸார் இருக்கிறார்கள். பால்மாவுக்கு அலைகிற ஒரு தாய் இல்லை. மருந்துக் கடைக்கு முன்னால் நிற்கிற ஒரு கிழவன் இல்லை. அடைபட்ட நகரத்தின் உண்மையான கதாநாயகர்கள் வரிசையில் நிற்பவர்கள்தாம். நோலனின் கமராவுக்கு அவர்கள் தட்டுப்படவில்லை.

பற்மான் நகரத்துக்குள் எப்படித் திரும்பி வந்தான் என்ற கேள்வி எங்கள் வீட்டிலும் எழுந்தது. எழுப்பியவன் மருமகன்.

"மாமா, இது பிழை. ஒருத்தரும் வெளியிலை போகேலாது எண்டால், இவன் எப்பிடி உள்ளை வந்தவன்?"

எனக்கு முதல் தபாலதிபர் பதில் சொன்னார், கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே:

"ஏன் தம்பி யோசிக்கிறாய்? கிளாலியாலை வந்திருப்பான்."

பெரியவர்கள் எல்லோரும் சிரித்தோம். பிள்ளைகளுக்கு அந்தச் சிரிப்பு உடனே பிடிபடவில்லை. தொண்ணூறுகளின் முற்பாதியில் தரைப்பாதைகள் மூடப்பட்டபோது, கிளாலிக் கடனீரேரியை இருட்டில் படகுகளிற் கடந்துதான் குடாநாட்டுக்கு வந்தோம், போனோம். 1993 ஜனவரியில் அந்த நீரிலே படகுகள் தாக்கப்பட்டுச் சனங்கள் மாண்டார்கள். அதற்குப் பிறகும் சனங்கள் போனார்கள், வந்தார்கள். பரீட்சைக்கு, கலியாணத்துக்கு, செத்தவீட்டுக்கு. அடைத்த ஊருக்குள் வருவதற்கு வழி இருக்கும். அதற்கு முகமூடி தேவையில்லை என்பது தபாலதிபரின் பட்டறிவு. படத்தின் ஓட்டை என்று இணையமெல்லாம் பட்டியலிட்ட ஒன்று, அவருக்கு விளக்கம் தேவைப்படாத அன்றாட விடயம்.

ஆனால் ஒரு காட்சியில் மட்டும் யாரும் எதுவும் சொல்லவில்லை. நகரைக் கைப்பற்றியவர்கள் நீதிமன்றம் ஒன்று நடத்துகிறார்கள். குவிந்து கிடக்கும் காகிதங்களுக்கு மேல் ஒருவன் நீதிபதியாக அமர்ந்திருக்கிறான். குற்றம் முன்னரே தீர்மானிக்கப்பட்டது. தண்டனை மட்டுமே விசாரணை. மரணமா, நாடுகடத்தலா என்று கேட்பார்கள். நாடுகடத்தல் என்றால் உறைந்த ஆற்றின் மெல்லிய பனிக்கட்டி மீது நடந்து போகவேண்டும். எவரும் கரை சேரமாட்டார்கள். மேலைநாட்டு விமர்சகர்கள் இதைப் பிரெஞ்சுப் புரட்சியோடு ஒப்பிட்டார்கள். எங்கள் வீட்டில் ஒருவர் தண்ணீர் குடிக்க எழுந்து போனார். ஒருவர் மின்விசிறியைப் பார்த்தார். மருமகன் வாசிப்பதை நிறுத்திவிட்டான். விளங்கப்படுத்தும்படி அவனை எவரும் கேட்கவும் இல்லை. மின்கம்பங்களில் தீர்ப்பு எழுதப்பட்ட காலம் ஒன்று எங்கள் வீதிகளில் இருந்தது. பல காலங்களில், பல உடைகளில், பல கைகள் அந்தத் தீர்ப்பை எழுதின. என்ன குற்றம் என்று கேட்க அவகாசம் கிடைக்கவில்லை. அந்த மௌனத்தை நான் இங்கே பதிந்து வைக்கிறேன். பார்வையாளரின் எதிர்வினை என்பது கைதட்டலும் கூச்சலும் மட்டும் அல்ல.

ஆதரவற்ற சிறுவர்களை ஏற்றிய பேருந்து அந்த ஒற்றைப் பாலத்துக்கு வரும் இடமும் அப்படியே. மறுகரையில் நிற்பவர்கள் பாலத்தைத் தகர்த்துவிடுகிறார்கள். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, நாவற்குழிப் பாலத்தை நோக்கி மழையில் நகர்ந்த இலட்சக்கணக்கானவர்களில் நானும் ஒருவன். சைக்கிளின் பின்னால் ஒரு சூட்கேசும் முன்னால் அம்மாவுமாக, மணிக்கணக்கில் ஓரடியும் முன்னே போகாமல் நின்ற இரவு. அந்த இரவில் எங்கள் எல்லோருக்கும் இருந்த ஒரே பயம், பாலம் இருக்குமா என்பதுதான். அதை நான் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. படம் ஓடிக்கொண்டிருந்தது.

வீரன் சாகலாமா என்ற கேள்வி தமிழ்ப் பார்வையாளருக்குப் பழையது. எம்.ஜி.ஆர். 1956இல் 'மதுரை வீரன்' படத்தில் இறந்தார். ஆனால் தெய்வமாகி விண்ணுக்குப் போனதால் மக்கள் ஏற்றுக்கொண்டார்கள். 1962இல் 'பாசம்' படத்தில் சாதாரண மனிதனாகவே இறந்தபோது இரசிகர்கள் ஏற்கவில்லை என்பது தமிழ்த் திரையுலகில் பலமுறை சொல்லப்பட்ட செய்தி. அதன்பின் அவரைச் சாகவிட எந்த இயக்குநருக்கும் எளிதில் துணிவு வரவில்லை. நோலன் இரண்டையும் ஒன்றாகச் செய்ய முனைந்தார். நகரத்துக்கு அவன் இறந்தவன். அவனுக்குச் சிலை வைக்கிறார்கள். ஆல்பிரட்டுக்கு மட்டும் அவன் இருப்பவன். செத்தும் சாகாமலும் முடிக்கும் இந்த உபாயத்தைத்தான் உலகம் இன்றுவரை விவாதிக்கிறது. விமானத்தின் தானியங்கிக் கருவி முன்னரே திருத்தப்பட்டிருந்தது என்று படத்தில் ஒரு குறிப்பு வருகிறதே, ஆகவே அவன் தப்பினான் என்பது ஒரு கட்சி. ஆல்பிரட் அதே காட்சியைத் தன் ஆசையாக முன்னர் சொல்லியிருக்கிறாரே, ஆகவே அது கனவு என்பது மறு கட்சி.

எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் அன்று இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். அந்தச் சத்தத்துக்குள், அதுவரை ஒரு வார்த்தையும் பேசாதிருந்த பக்கத்து வளவு அம்மா மருமகனிடம் மெதுவாகக் கேட்டார்:

"தம்பி, உடம்பு கிடைக்கேல்லை எல்லோ? பிறகேன் கல்லு வைச்சவங்கள்?"

கடலுக்கு மேலே வெடித்ததால் உடம்பு கிடைத்திருக்காது, அதனால் சும்மா ஒரு கல் வைத்தார்கள் என்று அவன் சொன்னான். அவர் தலையாட்டினார். பிறகு அந்தத் தேநீர்க் கடைக் காட்சியை இன்னொரு தரம் போடச் சொன்னார். பார்த்தார். பார்த்துவிட்டு அவர் கேட்டதுதான் நான் இந்தக் கட்டுரையை எழுதுவதற்குக் காரணம்.

"அந்தக் கிழவன் ஏன் எழும்பிப் போய்க் கதைக்கேல்லை? நான் எண்டால் ஓடிப்போய்ப் பிடிச்சிருப்பன்."

அந்த அம்மாவின் மகன் 1996இல், ஒரு சுற்றிவளைப்பின்போது, வீட்டிலிருந்து அழைத்துச் செல்லப்பட்டவன். அந்த ஆண்டு குடாநாட்டில் அப்படி நூற்றுக்கணக்கானோர் காணாமற்போனார்கள். அவனுக்கு அப்போது பத்தொன்பது வயது. நாங்கள் படம் பார்த்த காலத்தில் பதினாறு ஆண்டுகள் கடந்திருந்தன. காணாமற்போனவர்களுக்கு மரணச் சான்றிதழ் பெற்றுக்கொள்ள 2010இல் ஒரு சட்டம் வந்தது. பெற்றுக்கொள்ளும்படி அவரிடம் பலர் சொன்னார்கள். அவர் ஒப்பவில்லை. சான்றிதழ் என்பதும் ஒரு கல்தான். உடம்பு கிடைக்காமல் கல் வைப்பதில்லை என்பது அவருடைய உறுதி.

அவர் கேட்ட கேள்வியை வாசகர்கள் சற்றுக் கவனிக்க வேண்டும். காட்சி உண்மையா கனவா என்று அவர் கேட்கவில்லை. அது அவருக்கு ஒரு பிரச்சினையே அல்ல. எத்தனையோ தடவை பஸ் நிலையத்திலும் கோயில் திருவிழாவிலும் தூரத்தில் ஒரு முதுகைக் கண்டு ஓடியவர் அவர். நல்லூர்த் தேரன்று சனத்துக்குள் அப்படி ஓடியதை அக்காவே கண்டிருக்கிறார். முகம் திரும்பும்போது அது வேறு யாரோவாக இருக்கும். ஆகவே, ஒரு தரமாவது சரியான முகம் திரும்பிய ஒரு மனிதர், அதைத் தொட்டுப் பார்க்காமல், ஒரு சொல் பேசாமல், காசு வைத்துவிட்டுப் போவதை அவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. மேலைநாட்டுப் பார்வையாளர் பெருந்தன்மை என்று போற்றிய அந்தத் தலையசைப்பு, அவருக்குப் பெரும் வீண்விரயமாகப் பட்டது.

என்னைக் கேட்டால், அந்தப் படத்தைப் பற்றிச் சொல்லப்பட்ட கருத்துகளுள் மிகக் கனமானது அதுதான். நோலனின் ஆல்பிரட் நிம்மதி தேடுகிறார். பிள்ளை எங்கோ நலமாக இருக்கிறான் என்று தெரிந்தால் அவருக்குப் போதும். படம் அந்த நிம்மதியோடு மூன்று பாகங்களையும் மூடிவிடுகிறது. எங்கள் ஊர்த் தாய்மார் நிம்மதியைக் கேட்கவில்லை. அவர்கள் கேட்பது பிள்ளையை. இல்லையென்றால் பிள்ளைக்கு என்ன நடந்தது என்ற பதிலை. இரண்டுக்கும் இடையில் உள்ள தூரத்தைத்தான் இந்த நாட்டின் ஆணைக்குழுக்கள் திரும்பத் திரும்ப அளந்துகொண்டிருக்கின்றன. 2016இல் காணாமற்போனோர் அலுவலகத்துக்குச் சட்டம் வந்தது. மரணச் சான்றிதழை மறுப்பவர்களுக்காக, 'காணப்படாமைச் சான்றிதழ்' என்று இன்னொரு காகிதமும் அதே ஆண்டு வந்தது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தாய்மார் வீதியோரத்தில் அமர்ந்தார்கள். பந்தல்கள் பழசாகின. அமர்ந்தவர்களிற் பலர் பதில் வராமலே காலமானார்கள்.

பக்கத்து வளவு அம்மாவும் 2019இல் போய்விட்டார். இறுதிவரை அவர் எந்தக் கல்லையும் ஏற்கவில்லை. 2025இல் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் நடந்த அகழ்வில் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. அவற்றோடு எடுக்கப்பட்ட உடைகளையும் பொருட்களையும் அவ்வாண்டு ஓகஸ்ட் மாதம் பொதுமக்கள் அடையாளம் காட்டுவதற்காக வைத்தார்கள். பார்க்கப் போனவர்களில் அவரைப்போல எத்தனையோ தாய்மார். அன்று அலுவலகத்துக்கு வந்த படங்களை மேசையில் வைத்துத் தெரிவு செய்துகொண்டிருந்தபோது, ஒரு தாய் துணியொன்றை மிக அருகிற் குனிந்து பார்ப்பதைக் கண்டேன். எழும்பிப் போய்ப் பார்க்கிறவர்கள் அவர்கள்.

ஆகவே அலுவலகத்து இளம் நண்பர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். மூன்றாவது படம் இரண்டாவதைவிடக் குறைந்ததா என்று கேட்டால், ஆம், ஜோக்கர் இல்லாத குறை தெரியத்தான் செய்கிறது. கதையில் ஓட்டைகள் உண்டா என்றால், உண்டு. ஆனால் நீங்கள் சொல்லும் இடங்களில் அல்ல. அடைபட்ட நகரமும், அதற்குள் திரும்பி வந்தவனும் நம்பக்கூடியவையே. நீங்களே அப்படிப்பட்ட ஊரிற் பிறந்தவர்கள்தாம். ஓட்டை இருப்பது அந்த நகரத்தின் அடுப்படியில். இன்னுமொன்று அந்தத் தேநீர்க் கடையில். வீரர்களின் கதைகளை எப்படி முடிப்பது என்று ஹொலிவூட் கற்றுக்கொண்டிருக்கலாம். அவர்களைத் தேடி நிற்பவர்களின் கதையை முடிக்க அதற்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை.